அந்தோணி மேல் உட்கார்ந்த ஈக்கள்

முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அந்தோணியை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஊரார் மாமரத்தையும் கொய்யா மரத்தையும் காப்பாற்றப் போய், தன் வாழ்க்கையைத் தொலைத்த மனுஷன்.

லாஸ்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை. பழத்தைப் புழுத்துப்போக வைக்கிற பழ ஈ இருக்கிறதே, அதில் ஆண் ஈக்கள் ஒருவித வாசனைக்கு மயங்கி ஓடிவரும். அந்த வாசனை மருந்தில் ஊறவைத்த கட்டையைப் பொறிக்குள் தொங்கவிட்டால் உள்ளே விழுந்து சாகும். எந்தக் கலவைக்கு ஈ அதிகம் வருகிறது, எது வெயிலில் தாக்குப்பிடிக்கிறது என்று தோப்புத் தோப்பாய்ப் போய்ப் பார்த்துச் சொல்வார் அந்தோணி. வருஷக்கணக்கில் கை நனைத்ததில் வாசனை தோலிலேயே ஏறிவிட்டது. நமக்கு அது லேசான கிராம்பு வாசம். ஈக்கு அது போதும். டீக்கடையில் நின்றால் தோளில் வந்து உட்காரும்.

"ஆம்பள ஈயாத்தானய்யா வருது, உன் ராசி அப்படி" என்று கிண்டல் செய்வோம். அவரும் சிரிப்பார்.

உள்ளூரிலேயே கதிர்காமத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஜூலிக்குக் குழந்தை பிறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. மனைவி ரோசா செத்துப்போன பிறகு ஜூலியை விட்டால் அவருக்கு யாருமில்லை. பேத்தி இனியாவைக் கையில் வாங்கினார். அவர் சட்டையிலிருந்த ஈ குழந்தையின் உதட்டில் போய் உட்கார்ந்தது. ஜூலியின் மாமியார் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது குப்பை ஈ இல்லம்மா, பழ ஈ. சீக்கு கீக்கு ஒண்ணும் வராது."

"எந்த ஈயா இருந்தா என்னப்பா? இனிமே கேட்டுக்கு வெளியவே நின்னு பாத்துட்டுப் போ. அத்தை எங்கிட்டதான் கத்துறாங்க" என்றாள் ஜூலி.

பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அந்தோணி வேலையை விட்டார். துணிமணி, பை எல்லாவற்றையும் எரித்தார். எலுமிச்சையில் ஆரம்பித்து மண்ணெண்ணெய் வரை தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். அடுக்குமாடி வீடுகளில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அவ்வப்போது எங்கள் கொய்யா மரத்தடியில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்று பார்ப்பார். ஈ வந்து உட்காரும். "இன்னும் போகலப்பா" என்பார். அந்தக் குரலைக் கேட்டுத் தாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கதிர்காமத்துக்குப் போய் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு வருவார்.

போன மாதம், மரத்தில் பழம் பழுத்துக் கிடந்தும் அவர் மேல் ஒரு ஈகூட உட்காரவில்லை. தேம்பித் தேம்பி அழுதார். மறுநாளே கதிர்காமம் கிளம்பினார், நானும் கூடப் போனேன். அவர் மேல் ஈ இல்லாததைப் பார்த்துவிட்டு ஜூலி கேட்டைத் திறந்து, "உள்ள வாப்பா" என்றாள்.

இனியா இப்போது நன்றாக நடக்கிறாள். அந்தோணி மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினார். குழந்தை அவரையே பார்த்தது. பிறகு அவர் முகத்துக்கு நேரே பிஞ்சுக் கையை வீசி, "போ, போ" என்று இல்லாத ஈயை ஓட்டியது. தாத்தா வந்து நின்றபோதெல்லாம் அந்த வீட்டில் செய்தது அதைத்தானே. வேறெதை அது கற்றுக்கொள்ளும்? ஓட்டிவிட்டு அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

நீட்டிய கையை எப்போது மடக்குவது என்று தெரியாமல் அந்தோணி அப்படியே இருந்தார்.