நான் மறைத்த உப்பு

மாலினியின் ஆராய்ச்சியைக் கெடுத்தவன் நான்தான். அறியாமல் அல்ல, அறிந்தே!

உங்களிடம் சொல்கிறேன்; அவளிடம் சொல்லத் துணிவில்லை. பேரண்டம் பிறந்தபோது எழுந்த வெப்பத்தின் மிச்சம் இன்றும் வானெங்கும் நுண்ணலையாய்ப் பரவியிருக்கிறது. எழுபதுகளின் இறுதியில், அதை அளக்கப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் அலைகளை வாங்கும் ஏரியல் ஒன்றை நிறுத்தினோம். இடம் காட்டியவன் நான். என் ஊர்! ஆனால் எங்கள் ஆய்வுக்குழுவின் பேராசிரியர் வாயைத் திறந்தால் மாலினி, மாலினி... கல்கத்தாவிலிருந்து நேற்று வந்தவள்! எனக்கு வயிறு எரிந்தது.

ஏரியலில் வானம் மட்டுமா விழும்? ஏரி நீர் உமிழும் அலைகளும் பக்கவாட்டில் புகுந்துவிடும். அதைக் கழித்தால்தான் வானத்தின் உண்மை அளவு கிடைக்கும். நீரில் உப்பு ஏறினால் அது உமிழ்வது குறையும்; கழிக்க வேண்டியதும் குறையும். உப்பை நாங்கள் மாதம் ஒருமுறைதான் சோதித்தோம்.

கடைசி வார அளவீட்டுக்கு முன், வலை உலர்த்திக்கொண்டிருந்த என் நைனாவிடம் மாலினி வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஏரியில் ஏதேனும் மாற்றமுண்டா என்று என் வழியே கேட்டாள்.

"ஏரி கடலைச் சேர்ற மொகத்துவாரம் மண்ணு மூடிக் கெடந்துச்சுல்ல? நேத்து நாங்கதான் வெட்டித் தொறந்து வுட்டோம். கடல் தண்ணி பூந்துடுச்சி. ஏரி இப்போ ஒரே உப்புனு சொல்லுடா."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "மாற்றம் எதுவும் இல்லையாம்."

ஏன் சொன்னேன்? அந்த நொடியில் நாக்கு யாருடையது?... என்னுடையதுதான்!

அவள் பழைய உப்பளவை வைத்தே, தேவைக்கு மேல் கழித்தாள். மற்ற ஆய்வாளர்கள் சொன்னதைவிட வானம் குளிர்ந்திருக்கிறது என்று கருத்தரங்கில் அறிவித்தாள். அடுத்த ஆண்டு மறுபடி அளந்தபோது அந்தக் குளிர்ச்சியைக் காணவில்லை. எங்கே தவறினோம் என்று மாதக்கணக்கில் தேடினாள். நான் பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எல்லார் முன்னும் எழுந்து, "பிழை என்னுடையது" என்றாள். ஊர் திரும்பிவிட்டாள். அவள் இடம் எனக்குக் கிடைத்தது. மகிழ்ந்தேனா? மகிழ்ந்தேன்... ஒரு வாரம்.

"அந்தப் பொண்ணு ஏன்டா போயிடுச்சி?" என்றார் நைனா.

"உப்பைக் கணக்குல வுட்டுட்டாங்க, நைனா."

"நான்தான் சொன்னேனே! மீன் புடிக்கிறவன் பேச்சு இன்னா பேச்சுனு வுட்டுட்டாளா?"

ஆமென்று தலையாட்டினேன். அந்த வருத்தத்தோடுதான் நைனா போய்ச் சேர்ந்தார்.

செய்யாத பிழையை அவள் சபை நடுவே ஏற்றுக்கொண்டாளே... செய்த பிழையை ஏற்கவே எனக்குத் துணிவு வரவில்லை. அதற்கும் சேர்த்து அவள்மேல் இன்னும் பொறாமைப்படுகிறேன்!