நல்ல தண்ணீர் வீடு

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்களில் சிலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, வாடகைக்கு ஒரு வீடு கட்டிப் போடலாமா என்று. பாம்பனில் எனக்குச் சொந்தமாக இரண்டு வீடு இருப்பதால் நான் விவரமானவன் என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் மறுப்பதில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கட்டுங்க. ஆனா போர் போட்ட அன்னைக்கே ஒரு கை தண்ணி அள்ளிக் குடிச்சுப் பாத்துருங்க" என்பேன். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முகம் தொங்கிப்போகும். அது தெரியாமல் நான் பட்ட பாட்டை யாரிடம் போய்ச் சொல்ல.

எங்கள் தெருவில் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிப்பதற்கு மட்டும் வண்டியில் வரும் தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவோம். டீயும் சோறும் குழாய்த் தண்ணீரில்தான். என் மனைவி உலைக்கு உப்புப் போட்டதே கிடையாது. அந்த வேலையைக் குழாயே பார்த்துக்கொண்டது.

இப்படிப்பட்ட தெருவில்தான் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மனையை வாங்கி, அரபு நாட்டில் இருந்துகொண்டே போனில் ஒரு சின்ன வீடு கட்டினேன். டைல்ஸ் என்ன நிறம், வாஷ்பேசின் எந்தப் பக்கம், வாசல் கதவுக்கு எந்தப் பூட்டு என்று எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். போர் போட்டதையும் வீடியோவில் பார்த்தேன். தண்ணீர் பளபளவென்று பீறிட்டு வந்தது. நம் தெருத் தண்ணீர்தானே என்று போனை வைத்துவிட்டேன்.

ஊருக்கு வந்து 'டு லெட்' பலகை மாட்டியதும் முதலில் வந்தது ஒரு கருவாட்டு வியாபாரி அம்மா. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் டைல்ஸைக் காட்டினேன். அவர் நேராகக் குழாயடிக்குப் போய், ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றிக் கொப்பளித்து, விழுங்கினார். எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் செய்கிற முதல் காரியம் இது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"மாடி ரொம்பச் சுடும் போலயே பாய்" என்றார்.

"கடக்காத்து வரும்லமா."

"சமையக்கட்டும் சின்னது. கொறச்சுச் சொல்லுங்க."

உப்புத் தண்ணீர் வீட்டுக்கு இதுவே அதிகம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு குறைத்தேன். பதினோரு மாத ஒப்பந்தம். மறுநாள் விடிந்து பார்த்தால் பாய், பானை, வலை எல்லாவற்றோடும் குடிவந்துவிட்டார்கள். நல்ல பார்ட்டி என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

முதல் மாத வாடகை வாங்கப் போனபோது டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தேன்.

"என்ன டீத்தூளு தங்கச்சி?"

"கடையில விக்கிற தூளுதான் பாய். தண்ணி அப்படி."

"எந்த வண்டித் தண்ணி?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் வலையின் ஓட்டையைப் பார்த்தார். "வண்டியா? இது உங்க போர்த் தண்ணி பாய்" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து கொத்தனாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உங்க தண்ணியாச்சே, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனச்சோம்" என்றார். கொத்தனார், பிளம்பர், பெயிண்டர் எல்லோரும் மாதக்கணக்கில் அதைத்தான் குடித்திருக்கிறார்கள். குடிக்காதவன் பணம் அனுப்பியவன் மட்டும்.

"யா அல்லா! நல்ல தண்ணியக் கொண்டுபோயி வாடகைக்கு விட்ட மனுசன் இந்த ஒலகத்துலயே நீங்க ஒராள்தான்" என்றாள் மனைவி. அன்றிலிருந்து அவள் கையில் டீ வாங்கும்போதெல்லாம் இந்த வசனமும் சேர்ந்தே வந்தது.

சேதி பரவி, விடிகாலையில் தெருவே எதிர்வீட்டு வாசலில் குடத்தோடு நின்றது. அந்த அம்மா யாரிடமும் காசு வாங்கவில்லை. கேட்டால், "வாடகை குடுக்குறது நாங்க, தண்ணி குடுக்குறது ஆண்டவரு" என்றார். நடுவில் போர் போட்டவன் ஒருவன் இருக்கிறான் என்பது ஆண்டவருக்கும் ஞாபகமில்லை. சுபுஹு தொழுதுவிட்டு நானும் குடத்தோடு போய் வரிசையில் நிற்பேன். "பாய் குடத்த முன்னாடி விடுங்க" என்று அந்த அம்மா சத்தம் போடுவார். தினமும் என் குடம்தான் முதலில் நிறையும். அந்த ஒரு குடம் குடிக்கத்தான் காணும், டீயும் சோறும் பழையபடி உப்புத் தண்ணீரில்தான். எனக்குக் கோபம் கோபமாக வரும். வாடகையைக் கூட்டிக் கேட்கலாம் என்று போவேன். கையில் காலிக் குடத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

ஒப்பந்தம் முடிகிற மாதம் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்தாங்க, அவுகளைக் காலி பண்ணச் சொல்லுங்க. நாம அங்கன போயிருவோம். மவுத்தாகி மண்ணுக்குப் போறதுக்குள்ள என் அடுப்படியில ஒரு நல்ல டீ போடணும்." முழங்கால் வலியோடு அத்தனை வருஷம் தண்ணீர் வண்டிக்குப் பின்னால் நடந்தவள். அவள் கேட்டது பெரிதில்லை என்று எனக்கும் தெரியும்.

போனேன். டீ வந்தது. என் தண்ணீரை என் வாயில் வைத்துக்கொண்டே, "வீடு எனக்கு வேணும் தங்கச்சி" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "இப்ப மீன்புடித் தடைக்காலம் பாய், அவரும் வேலையில்லாம இருக்காக. எங்கன போயி வீடு தேட?"

பார்க்கப் பாவமாக இருந்தது. "எங்க வீடு காலியாத்தானே கெடக்கப் போகுது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கணவர் முதல்முறையாக வலையை விட்டுத் தலை நிமிர்ந்தார்.

மறுநாள் அந்த அம்மா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். என் அத்தா கட்டிய வீடு, நான் பிறந்த வீடு. பெரிய ஹால், தேக்குக் கதவு, பின்னால் தென்னை. வாடகையையும் சொன்னேன். அவர் எதையும் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து ஒரு கை பிடித்து வாயில் ஊற்றினார். அப்படியே துப்பினார்.

"இந்தத் தண்ணிக்கு இம்புட்டு வாடகையா பாய்?"

எனக்குச் சுருக்கென்றது. துணைக்கு மனைவியைப் பார்த்தேன். "அதத்தான் நானும் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து சொல்றேன்" என்றாள் அவள்.

சின்ன வீட்டைவிடப் பெரிய வீட்டுக்கு வாடகை குறைவாக முடிந்தது. தெருவில் சாமான்கள் எதிரும் புதிருமாகப் போயின. என் கட்டிலும் அவர்கள் வலையும் நடுத்தெருவில் முட்டிக்கொண்டன.

நல்ல தண்ணீர் வீட்டில் மனைவி வடித்த முதல் சோற்றில் உப்பே இல்லை. பழக்க தோஷம். நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அவள் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அடுப்படிக்கு எழுந்தாள். "இன்னொரு கிளாஸ் போடவா?" என்றாள். அந்த வசனம் அன்று வரவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் வழக்கமான கூட்டம். திறக்கிறவன் நான். வரிசையின் கடைசியில் அந்த அம்மா குடத்தோடு நின்றார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாதம் அங்கே நின்ற எனக்கு அந்தப் பார்வை நன்றாகவே தெரியும்.

"தங்கச்சி குடத்த முன்னாடி விடுங்க" என்று சத்தம் போட்டேன்.