பூட்ஸுக்குள் வைக்கோல்

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். பாதி மரியாதை, மீதி நக்கல். வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் அவளால் பிழைக்க வந்த அந்த நாட்டில் தங்க முடியும். ஒரு கோப்பில் பத்துப் பிழைக்கு மேல் விழுந்தால் புதுப்பிக்க மாட்டார்கள்.

பிழை பார்ப்பவள் அவளுடைய நாத்தனார். ஒரே வீடு, ஒரே பேருந்து, வேலை விஷயம் தவிரப் பேச்சுதான் கிடையாது. அகராதி பிரெஞ்சை ஆங்கிலமாக்குவாள். நாத்தனார் மூலத்தைப் பார்க்காமல் அதைத் திரும்பப் பிரெஞ்சாக்கி, பிறகு அதையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பாள். ஒட்டாத இடமெல்லாம் சிவப்பு. அலுவலகத்து வழக்கம் அது.

இந்த முறை வந்தவை, செத்துப்போன ஒரு கப்பல் சமையல்காரரின் கடிதங்கள். மனுஷர் அந்தக் காலத்துத் தெருப்பேச்சை அப்படியே எழுதியிருந்தார். வசதியான ஆள் என்றால் 'பூட்ஸுக்குள் வைக்கோல் வைத்திருக்கிறான்'. வெட்டியாய்ப் பொழுதைக் கழிப்பவன் என்றால் 'ஒட்டகச்சிவிங்கிக்குத் தலை வாருகிறான்'. அகராதி இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஆங்கிலக்காரர் வாயில் தானாக வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தாள்.

இருபத்துமூன்று சிவப்போடு திரும்பி வந்தது.

"வைக்கோல் எங்க அண்ணி? ஒட்டகச்சிவிங்கி எங்க?"

"ஆங்கிலத்துல யாரும் அப்படிப் பேச மாட்டாங்க. உனக்கே தெரியும்."

"எனக்கு மூலத்துல இருக்கறது வரணும். நாளைக்குள்ள திருத்திக் கொடுங்க, இல்லன்னா பெட்டியக் கட்டுங்க. அண்ணனுக்குச் சோறு நான் போட்டுக்கறேன்."

அகராதி சிவப்புப் பிரதியை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வைக்கோலை வைக்கோலாகவே தட்டினாள். ஒரு பிழை இல்லை. நாத்தனார் கையெழுத்துப் போட்டாள்.

பத்தாம் நாள் சமையல்காரரின் மகள் வந்து நின்றாள். பிரெஞ்சு தெரியாததால் கடிதங்களை மொழிபெயர்க்கக் கொடுத்தவள்.

"எங்கப்பாவுக்குக் கடைசியில புத்தி பிசகிடுச்சா? ஒட்டகச்சிவிங்கி, வைக்கோல்னு என்னென்னமோ எழுதியிருக்காரே."

மேலாளர் அகராதியைக் கூப்பிட்டார். பூட்டிவைத்த சிவப்புப் பிரதியை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

அதை வாங்கிப் படித்த மகள் மூன்றாம் பக்கத்திலேயே சிரித்துவிட்டாள். "இதுதான் எங்கப்பா."

மேலாளர் சிரிக்கவில்லை. "இந்தச் சிவப்பு மை யாரோடது?"

ஒப்பந்தம் அந்த வாரமே கையெழுத்தானது. நாத்தனாரைக் கோப்பு அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

பேருந்தில் நாத்தனாரே வாயைத் திறந்தாள். "தப்புன்னு தெரிஞ்சே என்னைக் கையெழுத்துப் போட விட்டீங்கல்ல?"

"நீ கேட்டதைத்தானே கொடுத்தேன்."

ஒரே நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரே வாசலை நோக்கி, தெருவின் இந்த ஓரம் ஒருத்தியும் அந்த ஓரம் ஒருத்தியுமாக நடந்தார்கள்.