ரொம்பின சிலிண்டர்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்குப் பளு தூக்கும் பைத்தியம் பிடித்தது. திருவொற்றியூரில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை ஜிம் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதம் வெறும் பிளாஸ்டிக் பைப்தான். அதை ஒழுங்காகத் தலைக்கு மேல் தூக்கினால் இரும்புக் கம்பி, அப்புறம் கிலோ கிலோவாக எடை. மாஸ்டர் அவ்வளவு பொறுமைக்காரர்.

அப்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர், வீட்டிலும் ஹாரன் குரல்தான். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு வெயிட்டு? தோ கீது பாரு, ரொம்பின சிலிண்டரு. ஞாயித்துக்கெயம அதத் தூக்கி அடுப்பு மேடை மேல வை. வெச்சிட்டா போ. இல்லாங்காட்டி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

ஐந்து நாள் முட்டி மோதினேன். சிலிண்டர் ஆடியது, எழும்பவில்லை. உள்ளங்கை கன்றிப்போனதுதான் மிச்சம். சனிக்கிழமை நான் அழுதுகொண்டிருந்தபோது அம்மாவின் தம்பி வந்தார். அவரிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை, வேலைக்குத்தான் பஞ்சம். "கவலப்படாத பாப்பா, மாமன் கீறேன்ல" என்றார். ஞாயிறு காலை அப்பா எழுவதற்குள், அம்மா மீன் வாங்கப் போன நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் காலி சிலிண்டரைத் தூக்கி வந்தார். எங்களுடையதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு, அதன் வெள்ளை மூடியைக் காலிக்கு மாட்டி நிறுத்தினார். "ஈசியா தூக்கிடாத, முக்கு" என்பதுதான் அவர் தந்த பயிற்சி.

அப்பா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, மாமா சொன்னபடி முக்கிக்கொண்டு, சிலிண்டரைத் தூக்கினேன். மேடையில் வைத்ததும் காலி இரும்பு கோயில் மணிபோல 'ணங்' என்றது.

அம்மா சட்டென்று திரும்பினாள். மாமா சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அப்பா எழுந்தார்.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று சிலிண்டரை நோக்கிக் கையை நீட்டினார். செத்தேன் என்று நினைத்தேன்.

"நவுரு, உனுக்கு இடுப்பு புடிச்சிக்கப் போவுது" என்று அம்மா நடுவில் புகுந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சிலிண்டரை அணைத்து, "யம்மாடி, இன்னா கனம்!" என்று முனகி முனகிச் சத்தமில்லாமல் தரையில் இறக்கினாள். "தூக்கிட்டால்ல? சொன்ன சொல்லக் காப்பாத்து. போவட்டும்."

அப்பா நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஜிம்மில் என் கையில் பைப்பைக் கொடுத்தார்கள். அம்மாவையும் ஏமாற்றிவிட்டோம் என்று மாமாவும் நானும் வாரக்கணக்கில் சிரித்தோம். எங்கள் வீடு மூன்றாவது மாடி. சிலிண்டர் போடுகிறவர் மாடி ஏற மாட்டார், கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்பா வண்டியில் இருப்பார். ஒவ்வொரு முறையும் முழு சிலிண்டரை மூன்று மாடி சுமந்து வந்தவள் அம்மாதான். அந்தக் கைக்குக் காலி எது, ரொம்பினது எது என்று தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை.