கழுகும் காக்கையும் கேரம் சாம்பியனும்

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒரு கேரம் கிளப் இருந்தது. வருடாந்தரப் போட்டியில் ஜெயிப்பவனுக்கு வாழ்த்துப்பா எழுதி, மேடையில் வாசித்து, அச்சடித்துக் கண்ணாடி போட்டுக் கிளப் சுவரில் மாட்டுவது வழக்கம். எழுதுகிறவன் நான்தான். அந்த வருடம் மாட வீதியிலிருந்து என் கல்லூரித் தோழனும் ஒன்று எழுதிக்கொண்டு வந்துவிட்டான். இருவரும் வாசிக்கட்டும், எதை மாட்டுவதென்று ஜெயித்தவனே சொல்லட்டும் என்றார் செயலாளர். எனக்கு வயிறு எரிந்தது.

கல்லூரி நூலகத்தில் அப்போதுதான் பழைய கிரேக்கக் கவிஞர்களைப் பற்றிப் படித்திருந்தேன். தேரோட்டத்தில் ஜெயித்தவர்களைப் பாடிப் பிழைத்தவர்கள். பாட்டின் நடுவே சக கவிஞனை ஓர் உருவகத்தாலேயே குத்திவிடுவார்களாம். ஒருவர் தன்னைக் கழுகாக்கி, மற்றவர்களைக் காக்கைகளாக்கிப் பாடினாராம். அடடா, இதுவல்லவோ ஆயுதம் என்று அப்படியே சுட்டுவிட்டேன்.

விழாவன்று நான் வானத்தில் வட்டமிடும் கழுகானேன். தோழன் குப்பைமேட்டுக் காக்கையானான். நல்ல கைதட்டல். அடுத்து அவன் மைக்கைப் பிடித்தான்.

"என்னைக் காக்கான்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றி. எங்காத்துல காக்காய்க்கு வச்சுட்டுத்தான் நாங்களே சாப்பிடறோம். கழுகுக்குச் சோறு வேணும்னா திருக்கழுக்குன்றத்துக்கு பஸ் ஏறணும்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இது மயிலாப்பூர் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தச் சூட்டோடு அவன் தன் பாட்டை வாசித்தான். அதில் அவன் குயில், நான் தவளை.

ஜெயித்தவன் பட்டினப்பாக்கத்துப் பையன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, மீன்கடையைச் சீக்கிரம் கட்டவைத்து அம்மாவையும் கூட்டி வந்திருந்தான். இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டும் சோக்கா கீதுப்பா. கழுகு கீது, குயிலு கீது, தவளை கூட கீது. நான் எங்க கீறேன்?"

இரண்டிலும் அவன் பெயர்கூட இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தோழனும் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் குளத்துப் படிக்கட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து புதிதாக எழுதினோம். சிவப்புக் காயைச் சாம்பியன் மூலைக்குள் இறக்கிய அழகு வந்தது, கைதட்ட மறந்து நின்ற அவன் அம்மா வந்தாள். பறவை ஒன்றுகூட வரவில்லை. எழுதியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அச்சகத்து வாசலில் மறுபடி சண்டை. கீழே யார் பெயர் முதலில்? கூட வந்திருந்த சாம்பியன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தாளைப் பிடுங்கி, தன் பெயரை மேலே கொட்டை எழுத்தில் எழுதி, எங்கள் இரண்டு பெயரையும் அடித்துவிட்டு உள்ளே கொடுத்தான். சுவரில் ஏறியது அதுதான்.