பதக்கத்துக்குக் குங்குமம் வைத்தோம்

அமீரகத்தின் அல் ஐன் நகரில் எங்கள் கம்பெனி கிளப் மைதானத்தில் ஆண்டுக்கொரு முறை ஓர் அணிவகுப்பு நடக்கும். வெள்ளைக்காரன் காலத்துப் படையில் இருந்தவர்களின் வாரிசுகள், முன்னோரின் பதக்கத்தை வலது மார்பில் குத்திக்கொண்டு நடப்பார்கள். ரோட்டில் நடக்க இங்கே அனுமதி கிடைக்காது என்பதால் மைதானத்தையே மூன்று சுற்று. ஏற்பாடு எங்கள் மேனேஜர். அவருடைய தாத்தா சுபேதார்.

என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் பஸ்ரா துறைமுகத்தில் படைக்கு மூட்டை இறக்கியவர். அவருக்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அது ஆயுதபூஜையில் சுத்தியல், திருப்புளியோடு உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொள்ளும். அணிவகுப்பு நாளில் அது வெளியே போகிறதே என்று என் மனைவி காலையிலேயே சந்தனம் தடவி, அதில் பொறித்திருக்கும் வெள்ளைக்கார ராஜாவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். ராஜாவுக்கு அது நன்றாகவே இருந்தது.

மேனேஜர் என் மார்பைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, மாரியம்மன் கோயில் திருவிழாவா? மொதல்ல அதைத் தொடைங்க."

பிறகு குனிந்து பார்த்தார். "இது வெண்கலம். கூலியாளுங்களுக்குக் குடுத்தது. வெள்ளி வாங்கின சிப்பாய்ங்க பேரு மட்டும்தான் லிஸ்ட்ல இருக்கு. நீங்க தண்ணி டேபிளைப் பாத்துக்குங்க."

எனக்கு உச்சி சூடேறிவிட்டது. என் கொள்ளுத்தாத்தா இறக்கிய மூட்டையைத் தின்றுதானே இவருடைய சுபேதார் தாத்தா சுட்டிருப்பார்? அந்தப் போர்மேல் எனக்கு ஒரு மண்ணாங்கட்டி மரியாதையும் கிடையாது. அந்த மனிதர்மேல் உண்டு. அவர் பெயரை ஒருமுறையாவது ஊரறியச் சொல்லத்தான் லீவு போட்டு வந்திருந்தேன்.

"தொடைக்க மாட்டேன் சார்," என்றேன்.

"நாளைக்கு டூட்டிக்கு வருவீங்கல்ல?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பயமாகத்தான் இருந்தது. விசா அவர் கையெழுத்தில் ஓடுகிறது. தண்ணீர் மேசைக்குப் போய் நின்றேன்; என் மனைவியும் பக்கத்தில் வந்து நின்றாள். மைதானத்தின் நடுவே, போருக்குப் போனவர்கள் நினைவாக ஒரு மரத்தூண். வருகிறவர்கள் அதன்முன் நின்று, முன்னோர் பெயரையும் பதவியையும் மைக்கில் சொல்லி, மேடையிலிருக்கும் மேனேஜருக்கு சல்யூட் அடித்துப் போனார்கள். ஹவில்தார், நாயக், சிப்பாய். கடைசி ஆள் போனதும், மேனேஜர் "கலாஸ், முடிஞ்சுது" என்று பட்டியலை மடித்தார்.

"இப்போ போங்க," என்றாள் என் மனைவி. அவளும் கூடவே வந்தாள்.

மைக்கை அணைத்துவிட்டார்கள். பரவாயில்லை, இரும்புப் பட்டறைச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை இது. கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். பிறகு பதவி: "மூட்டை தூக்கி! பஸ்ரா!"

யாரோ சிரித்தார்கள். இன்னொருமுறை சொன்னேன், இன்னும் சத்தமாக. சிரிப்பு நின்றது.

மேடையில் மேனேஜர், என்ன நினைத்தாரோ, என் சல்யூட்டை வாங்கிக்கொள்ளக் கையைப் பாதி தூக்கிவிட்டார். நாங்கள் அடிக்கவில்லை. தாத்தா வாழ்நாளில் அடித்ததே போதும். இருவரும் தூணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மேனேஜர் தூக்கிய கையை அப்படியே விட்டுவிட்டு நடந்தோம்.