ஏழாம் ஸ்டேஷனுக்கு நான் போட்ட மார்க்

ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்து கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் ப்ராசஸ் இன்ஜினீயராக இருந்தேன். ஒருநாள் காலை கார் கம்பெனியிலிருந்து போன். எங்கள் வயரிங் பொருத்திய வண்டி சோதனை ஓட்டத்தில் வேகமாகப் போகும்போதே இன்ஜின் அணைந்து நின்றுவிட்டதாம். பின்னால் வந்த வண்டி மயிரிழையில் விலகியிருக்கிறது.

கழற்றிப் பார்த்ததில், வயர்களைச் செருகும் கனெக்டர் ஒன்றுக்குள் ஒரு வயர் முழுதாக உட்காராமல் பாதியில் நின்றிருந்தது. எங்கள் டெஸ்டில் பாஸ் ஆகி, ஓட்டத்தின் குலுக்கலில் கழன்றிருக்கிறது. அது எங்கள் தயாரிப்பு வரிசையில் ஏழாம் ஸ்டேஷன் வேலை என்றதும், நான் மார்க் போட்டு வைத்திருந்த ஷீட்டை எடுத்துப் பார்த்தேன்.

இரண்டு வாரம் முன்புதான், எந்த ஸ்டேஷன் வேலை எவ்வளவு சிக்கலானது என்று லைன் முழுவதற்கும் மார்க் போட்டிருந்தேன். எத்தனை பாகம், எத்தனை கருவி, எத்தனை படி என்று எண்ணிக் கூட்டுவதுதான் முறை. ஏழாம் ஸ்டேஷனுக்கு நாலே படி, கருவியே கிடையாது. ஆகக் குறைந்த மார்க். அதை நம்பி, நாலு வருஷமாக அங்கே நின்ற முத்துமாரியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களைப் போட்டிருந்தோம்.

மேனேஜர் கொதித்துப் போயிருந்தார். "நாலே வேலை. அதுகூட வரலன்னா இன்னா பண்றது? ரெண்டு பேரையும் நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடு."

ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் முத்துமாரியைக் கூப்பிட்டு, அவர் பார்க்க நானே பத்து பீஸ் செய்தேன். பத்தும் சரி என்று சத்தியம் செய்திருப்பேன். அவர் தொட்டுப் பார்த்து மூன்றைத் தனியே வைத்தார். மூன்றிலும் வயர் பாதியில் நின்றிருந்தது.

"இந்த ரெண்டு பச்சை வயரும் ஒண்ணுன்னு நெனைக்கியளா மேடம்? இது தடி வயரு. உள்ள போனா மத்தது மாதிரி 'டிக்'னு சத்தம் கேக்காது, வெரல்லதான் தெரியும். லேசா இழுத்துப் பாக்கணும். ஓங்கி இழுத்தா பின்னு வளைஞ்சிரும்."

அவர் செய்துகொண்டே சொல்ல, நான் எழுதினேன். ஒரு பீஸ் முடிவதற்குள் இருபத்துமூன்று இடத்தில் அவர் எதையாவது கவனித்து முடிவு செய்தார். என் ஷீட்டில் நாலு.

நான் மார்க் போட வந்த அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலயே மேடம். ஸ்டாப்வாட்ச புடிச்சுக்கிட்டு நின்னீங்க, எழுதிக்கிட்டுப் போயிட்டீங்க."

அந்த இருபத்துமூன்றையும் எழுதிய தாளை மேனேஜரிடம் கொடுத்து, தப்பு என் ஷீட்டில்தான் என்று சொன்னேன். கடைசி வரி வரை படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ மத்த ஸ்டேஷனெல்லாம்?"

எல்லாவற்றுக்கும் அதே ஷீட்தான்.

அனுப்பாமலிருந்த சரக்கை நிறுத்தி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம். அந்தப் பெண்கள் முத்துமாரியிடம் பழகி, வேலையில் நிலைத்தார்கள். நான் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று வேலை செய்து, செய்கிறவரைப் பேசவிட்டு, மறுபடி மார்க் போட்டேன். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: பாகங்களை எண்ணுவதற்கு முன், செய்கிறவர் எத்தனை முறை முடிவெடுக்கிறார் என்று எண்ணுங்கள்.

சிக்கலான வேலைகளின் புதிய பட்டியலில் ஏழாம் ஸ்டேஷன் முதலிடத்துக்கு வந்தது. இரண்டாவதாக வந்த ஸ்டேஷனையும் பழைய ஷீட்டில் நான் சுலபம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.